க்ளூம்ஹேவனை நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நாலு பேர் கூட்டம் சனிக்கிழமை ராத்திரிகளில் இணையம் வழியாகக் கணினியில் க்ளூம்ஹேவன் ஆட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு பேர் சென்னையில், ஒருத்தர் கோயம்புத்தூரில், ஒருத்தர் சிங்கப்பூரில். நடுவில் ஆள் மாறியிருக்கிறது. புதிதாக வந்தவர்கள் எல்லாருமே முதல் வாரத்தில் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். துண்டு துண்டாக வாய்ஸ் நோட்டில் சொன்னதையெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கதையில் வரும் திருப்பங்கள் எதையும் இங்கே உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில், இது என்ன மாதிரி ஆட்டம்?

நிலவறைக்குள் இறங்கி, அறை அறையாகக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் மான்ஸ்டர்களை அடித்து வெளியே வரும் ஆட்டம். ஆனால் இதில் கை வேகத்துக்கு வேலை இல்லை. அறுகோணக் கட்டங்கள் போட்ட தரையில், முறை வைத்து, யோசித்து ஆட வேண்டும். பகடையும் கிடையாது. எல்லாமே கார்டுதான்.

இது முதலில் பலகை ஆட்டமாக வந்தது. ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைக்க, அவருடைய செஃபலோஃபேர் கேம்ஸ் 2017இல் வெளியிட்டது. பெட்டி மட்டுமே ஏறக்குறைய 10 கிலோ. பலகை ஆட்ட ரசிகர்களின் இணையதளமான போர்டுகேம்கீக்கின் தரவரிசையில் 2017 கடைசியிலிருந்து 2023 ஆரம்பம் வரைக்கும் முதல் இடத்தில் இருந்தது. அதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் ஃபிளேமிங் ஃபௌல் ஸ்டுடியோஸ். 2019 ஜூலையில் முடிக்காத வடிவமாக விற்பனைக்கு வந்து, 2021 அக்டோபரில் முழுதானது. 2023 செப்டம்பரில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் வந்தது. பலகை ஆட்டத்தில் இருக்கும் 95 சினாரியோவும் (ஒவ்வொன்றும் தனியாக ஆடி முடிக்கும் ஒரு நிலவறை) 17 கதாபாத்திரங்களும் கணினி வடிவத்திலும் உண்டு. கணக்கு வைப்பது, காயை அடுக்குவது, மான்ஸ்டர்களை நகர்த்துவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பலகையில் அரைமணி நேரம் ஆகும் அடுக்கு வேலை இங்கே சில நொடிகள்தான்.

எத்தனை பேர் வேண்டும்? எல்லாரும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

நாலு பேர் வரை ஆடலாம். ஒரு சினாரியோவுக்குக் குறைந்தது இரண்டு வீரர்கள் இறங்க வேண்டும், அதனால் தனியாக ஆடுகிறவரும் இரண்டு பேரை நடத்த வேண்டியிருக்கும். இணையம் வழியாகச் சேர்ந்து ஆட ஒவ்வொருவரும் வாங்கியிருக்க வேண்டும். எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தால், ஒரே திரையைச் சுற்றி உட்கார்ந்து மவுஸைக் கைமாற்றிக் கொடுத்தும் தாராளமாக ஆடலாம். ஒரு பொங்கல் லீவில் நாங்கள் அப்படித்தான் ஆடினோம், நன்றாகவே இருந்தது.

ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப மான்ஸ்டர்களின் எண்ணிக்கையும் கூடும், குறையும். எனவே மூணு பேர்தான் இருக்கிறோம் என்று நாலாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சொல்லப்போனால் மூணு பேர் ஆட்டம்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். வேகமாக நகரும், அறைக்குள் நெரிசலும் இருக்காது.

சேவ் யாரிடம் இருக்க வேண்டும்?

ஹோஸ்ட் செய்பவரின், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி மற்றவர்களை அழைப்பவரின், சேவில்தான் (சேமித்த ஆட்டம்) மற்றவர்கள் வந்து சேர்கிறார்கள். எந்த வீரர் யாருக்கு என்று ஒதுக்குவதும் அவர்தான். ஆகவே தவறாமல் வருகிற ஆள் யாரோ, நெட் யாருக்கு ஒழுங்காக இருக்கிறதோ, அவரை ஹோஸ்ட் ஆக்குங்கள். ஆர்வம் அதிகம் உள்ளவரையும் வருகை தவறாதவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு ரவுண்டில் என்ன நடக்கிறது? பார்த்தால் தலை சுற்றுகிறது.

மூணு ரவுண்டு ஆடினால் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு கார்டிலும் மேல் பாதியில் ஒரு செயல், கீழ் பாதியில் ஒரு செயல், நடுவில் ஒரு எண். ரவுண்டு தொடங்கும்போது இரண்டு கார்டுகளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். உங்கள் முறை வரும்போது ஒன்றின் மேல் பாதியையும் மற்றதன் கீழ் பாதியையும் ஆடுகிறீர்கள். எதை எப்படி ஆடுவது என்பதை அப்போதுகூட மாற்றலாம். பெரும்பாலும் மேலே அடி, கீழே நடை. அச்சடித்திருப்பது எதுவும் உதவாத நிலை வந்தால் எந்தக் கார்டின் மேல் பாதியையும் 2 அடியாகவோ, கீழ் பாதியை 2 கட்ட நடையாகவோ ஆடிக்கொள்ளலாம். இதை மறந்துவிட்டு "எனக்கு எதுவும் செய்ய முடியவில்லை" என்று உட்கார்ந்திருக்கும் புதியவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

அந்த நடு எண்தான் இனிஷியேட்டிவ். 1 முதல் 99 வரை, சின்ன எண் முதலில் ஆடும். இரண்டு கார்டில் எதன் எண் உங்கள் எண் என்பதையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். மான்ஸ்டர்களுக்கும் ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக 8 கார்டு உள்ள கட்டு இருக்கிறது. நீங்கள் எல்லாரும் தேர்ந்தெடுத்து முடித்த பிறகுதான் அவர்களுடைய கார்டு திறக்கும். ஆட்டத்தின் பரபரப்பு முழுவதும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. நாம் 15இல் போய் அடித்துவிட்டு ஒதுங்கலாம் என்று நினைத்திருப்போம், எலும்புக்கூடு 20இல் திறக்கும், அப்பாடா என்று இருக்கும். 12இல் திறந்தால் எல்லாம் தலைகீழ்.

கடைசி அறை வரும்போது எல்லாரும் களைத்து விழுந்துவிடுகிறோம். ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் புதிய குழுக்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

உங்கள் ஹெல்த் தீர்ந்தாலும் களைத்து விழுவீர்கள், கையில் ஆடக் கார்டு இல்லாமல் போனாலும் களைத்து விழுவீர்கள். ஆடிய கார்டு கழித்த குவியலுக்குப் போகிறது. கையில் கார்டு தீர்ந்ததும் ஓய்வு எடுத்து அவற்றைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஓய்வுக்கும் ஒரு கார்டு எரியும், அதாவது அந்த சினாரியோ முடியும்வரை கையைவிட்டுப் போகும். ஆக, உங்கள் கார்டுக் கை என்பது ஒரு மெழுகுவத்தி மாதிரி, சும்மா இருந்தாலும் கரையும்.

கணக்கைப் பாருங்கள். 10 கார்டு உள்ள ப்ரூட் என்ற வீரர், ஆடும்போது எதையும் எரிக்காமல், குறுகிய ஓய்வு (கீழே சொல்கிறேன்) மட்டும் எடுத்தால் 25 ரவுண்டு தாங்குவார். 9 கார்டு உள்ள ஸ்கவுண்ட்ரல் 20 ரவுண்டு. 8 கார்டு ஸ்பெல்வீவர் 16 ரவுண்டுதான், அவரிடம் எரிந்த கார்டுகளைத் திரும்ப வாங்கும் ஒரு கார்டு இருப்பதால்தான் பிழைக்கிறார். 12 கார்டு டிங்கரருக்கு 36.

சில கார்டுகளில் பெரிய அடி இருக்கும், ஆடினால் அந்தக் கார்டு எரிந்துவிடும். ப்ரூட் முதல் ரவுண்டிலேயே அப்படி ஒன்றை ஆடினால் அவருடைய 25 ரவுண்டு 21 ஆகிறது. ஒரே அடிக்கு நாலு ரவுண்டு விலை. அதே கார்டை, கையில் நாலே கார்டு மிச்சமிருக்கும்போது ஆடினால் போவது ஒரே ஒரு ரவுண்டு. பெரிய அடியைக் கடைசி அறைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். முதல் சினாரியோவான பிளாக் பேரோவில், முதல் அறையில் நின்ற கொள்ளைக்காரர்கள் மேல் நாங்கள் நாலு பேரும் எங்கள் பெரிய கார்டுகளை எல்லாம் கொட்டினோம். அறை இரண்டே ரவுண்டில் காலி, ஒரே கொண்டாட்டம். மூணாவது அறையில் எலும்புக்கூடுகள் நின்றபோது எங்களிடம் அடிக்க ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை பெரிய கார்டு எதையும் எரிக்காமல் மெதுவாகப் போய் ஜெயித்தோம்.

ஓய்வில் இரண்டு வகை. குறுகிய ஓய்வு ரவுண்டு முடிவில் நடக்கும், முறையை இழக்க மாட்டீர்கள், ஆனால் எந்தக் கார்டு எரியும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு ஹெல்த் கொடுத்து ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். நீண்ட ஓய்வுக்கு ஒரு முழு ரவுண்டு போகும், 99இல்தான் உங்கள் முறை. பதிலுக்கு எரியும் கார்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், 2 ஹெல்த் ஏறும், ஆடிய பொருட்களும் திரும்பக் கிடைக்கும். அறை காலியாகி, அடுத்த கதவு இன்னும் திறக்காத நேரம்தான் இதற்குச் சரியான நேரம். அடிவாங்கப் போகும் நிலையில் கையிலிருந்து ஒரு கார்டையோ, கழித்ததிலிருந்து இரண்டையோ எரித்து அந்த அடியை முழுவதும் தவிர்க்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2 டேமேஜுக்கு அதைச் செய்யாதீர்கள். 7 வருகிறது, உயிர் 5 என்றால் யோசிக்கவே வேண்டாம்.

யார் எந்தக் கதாபாத்திரத்தை எடுப்பது?

தொடக்கத்தில் ஆறு பேர்: ப்ரூட், டிங்கரர், ஸ்பெல்வீவர், ஸ்கவுண்ட்ரல், கிராக்ஹார்ட், மைண்ட்தீஃப். முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், கூட்டமாக அடிக்க ஒருவர், ஒற்றை ஆளைச் சாய்க்க ஒருவர் என்று இருந்தால் போதும். முழுநேர ஹீலர் (மற்றவர்களின் ஹெல்த்தை ஏற்றுபவர்) கட்டாயம் இல்லை. மான்ஸ்டர் சீக்கிரம் செத்தால் ஹீல் தேவையே குறையும்.

முதல்முறை ஆடுபவருக்கு ப்ரூட் கொடுங்கள். ஸ்பெல்வீவர் பார்க்க அழகு, ஆனால் எதை எப்போது எரிப்பது என்ற கணக்கு தெரியாமல் எடுத்தால் பாதியிலேயே விழுந்து, மிச்ச நேரம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கிராக்ஹார்ட் பற்றி ஒரு எச்சரிக்கை: அவருடைய சில கார்டுகள் பக்கத்தில் நிற்கும் நண்பர்களையும் சேர்த்தே அடிக்கும். ஆடுகிறவர் முன்கூட்டியே சொல்கிற பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும்.

ஆடும்போது ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்ளலாம்?

பலகை ஆட்டத்தின் விதிப்படி கார்டின் பெயரையோ எண்களையோ வெளிப்படையாகச் சொல்லக் கூடாது. "சீக்கிரம் போறேன்", "கொஞ்சம் லேட்", "அந்த வில்லாளியை நான் பார்த்துக்கறேன்" என்ற அளவில்தான் பேச்சு. கணினியில் உங்கள் வாயை யாரும் கட்டுப்படுத்தப் போவதில்லை. ஆனாலும் அந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒவ்வொரு குழுவிடமும் கேட்டுக்கொள்வேன்.

காரணம் இருக்கிறது. எண்ணைச் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு ரவுண்டும் ஒரு கணக்குப் பாடமாக மாறும். "நான் 34, நீ 36 போடு, அப்போ அவன் 40" என்று பத்து நிமிடம் ஓடும். எங்களுக்கு அப்படி ஒரு மாதம் ஓடியது, ஒரு சினாரியோ நாலு மணி நேரம் இழுத்தது. எண்ணை விட்டுவிட்டு "மச்சான், நீ எனக்கு முன்னாடி போறியா, பின்னாடி போறியா?" என்று மட்டும் கேட்கத் தொடங்கிய பிறகு ஆட்டத்துக்கு உயிர் வந்தது. நண்பர் சொன்ன "கொஞ்சம் சீக்கிரம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று பழகப் பழகத் தெரிந்துவிடும். எங்கள் சிங்கப்பூர் நண்பருக்கு அது 30க்குள். என் தங்கைக்கு 45கூடச் சீக்கிரம்தான்.

ரவுண்டு தொடங்கும்முன் மூணு விஷயம் சொன்னால் போதும்: எந்த மான்ஸ்டரைக் குறிவைக்கிறேன், முன்னாலா பின்னாலா, எந்தக் கட்டத்தில் போய் நிற்பேன். மூணாவதுதான் எல்லாரும் விட்டுவிடுவது. இரண்டு பேர் ஒரே கட்டத்தை மனதில் வைத்திருந்து, முதலில் போனவர் அங்கே நின்றுவிட, அடுத்தவருடைய அடி எட்டாமல் ஒரு முழு முறை வீணாகும். நெருப்பு, பனி, காற்று, மண், ஒளி, இருள் என்ற ஆறு சக்திகளில் ஒன்றை உண்டாக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், பின்னால் வருபவர் அதைப் பயன்படுத்தலாம். சும்மா விட்டால் அடுத்த ரவுண்டோடு அது அடங்கிப்போகும்.

எங்களில் ஒருத்தர் எல்லாருடைய முறையையும் தானே ஆடுகிறார். என்ன செய்வது?

அனேகமாக எல்லாக் குழுவிலும் இது நடக்கும். எங்களில் ஒருவர் ஆட்டத்தை நன்றாகப் படித்து வந்திருந்தார். "அந்தக் கார்டைப் போடாதே, இதைப் போடு" என்று அக்கறையோடுதான் சொன்னார். ஒரு மாதம் கழித்து கோயம்புத்தூர் நண்பர் வருவதை நிறுத்திவிட்டார். கேட்டபோது, "நீங்க மூணு பேர் ஆடறீங்க, நான் பட்டன் அழுத்தறேன்" என்றார். அதைக் கேட்டு எங்கள் எல்லாருக்கும் வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். கேட்டால் மட்டும் யோசனை. கார்டை உறுதி செய்த பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தவறான அடி அடித்தாலும் சரி, அது அவருடைய அடி. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது விதியை மட்டும்: "அந்தக் கட்டத்தில் பொறி இருக்கு", "அது ஆடினால் எரிஞ்சிடும்". முடிவு ஆடுகிறவருடையது. இப்போது அந்தக் கோயம்புத்தூர் நண்பர்தான் எங்களில் மிகத் துணிச்சலாக ஆடுகிறவர்.

மான்ஸ்டர் ஏன் எப்போதும் என்னையே அடிக்கிறது?

அதற்கு விதி உண்டு. யாரை அடிக்க அது குறைவான கட்டங்கள் நடக்க வேண்டுமோ, அவரைத்தான் குறிவைக்கும். இரண்டு பேர் சமம் என்றால், உள்ளதிலேயே பக்கத்தில் இருப்பவர், அதுவும் சமம் என்றால் இனிஷியேட்டிவில் முன்னால் இருப்பவர். எனவே உயிர் குறைந்தவர் ஒரு கட்டம் பின்னால் தள்ளி நின்று, தாமதமான எண்ணைப் போட்டாலே பாதி அடி வேறு ஆளுக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத நிலையில் இருப்பவரை மான்ஸ்டர் குறிவைக்கவே முடியாது, அதனால்தான் 20 தங்கத்துக்குக் கிடைக்கும் அந்த மறைப்புப் போர்வையை எல்லாரும் முதலில் வாங்கத் துடிக்கிறார்கள்.

கதவை யார் திறப்பது?

நீளமான நடை உள்ளவர். கதவுக் கட்டத்தில் கால் வைத்ததும் அறை திறக்கும், ஆனால் அவருடைய நடை அத்தோடு முடியாது. மிச்சமிருக்கும் கட்டங்களில் திரும்பிப் பின்னால் வரலாம். உள்ளே இருப்பவை அந்த ரவுண்டிலேயே ஆடும், ஆனால் நம்மை நோக்கி வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியிருக்கும். நமக்கு அதுதானே வேண்டும். திறந்த வாசலில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் உங்களைத்தான் அடிக்கும், பின்னால் நிற்கும் நண்பருக்கும் வழி இருக்காது. கதவு திறக்கும்முன் எல்லாருக்கும் கையில் கார்டு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தங்கத்தைப் பங்கு போடலாமா?

பலகை விதியில் முடியாது. எடுத்தவர் எடுத்ததுதான், கைமாற்ற வழி இல்லை. செத்த மான்ஸ்டர் விழுந்த கட்டத்தில் உங்கள் முறையை முடித்தால் அங்கே கிடப்பது உங்களுடையது. முன்னால் நிற்பவர் அடி வாங்க, பின்னால் வருபவர் காசு பொறுக்கினால் மனக்கசப்பு வரும். கடைசி மான்ஸ்டரைக் கொல்வதற்கு முன்னால், தங்கம் குறைவாக உள்ளவருக்கு ஒரு ரவுண்டு விட்டுக்கொடுப்பது எங்கள் வழக்கம். கடைசி ஆள் செத்ததும் அந்த ரவுண்டோடு சினாரியோ முடிந்துவிடும், தரையில் கிடப்பது போனது போனதுதான்.

ரகசிய இலக்கு என்று ஒன்று தருகிறதே, அதைச் சொல்லலாமா?

ஒவ்வொரு சினாரியோவுக்கு முன்னும் இரண்டு இலக்கு வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவருக்கு ஐந்து மான்ஸ்டரைக் கொல்லச் சொல்லும், இன்னொருவருக்கு மூன்றுக்கு மேல் கொல்லாதே என்று சொல்லும், வேறொருவருக்குப் புதையல் பெட்டியைத் திறக்கச் சொல்லும். அதனால்தான் நண்பர் திடீரென்று மூலையில் இருக்கும் பெட்டியை நோக்கி ஓடுகிறார். சொல்லக் கூடாது என்பதுதான் விதி, நாங்களும் சொல்வதில்லை. முடிந்தபிறகு ஒவ்வொருவரும் தன்னுடையதைச் சொல்லும்போது வரும் சிரிப்புக்காகவே அதை ரகசியமாக வைக்கலாம்.

அதிர்ஷ்டம் அதிகமோ?

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 20 கார்டு உள்ள ஒரு அடிமாற்றுக் கட்டு. அடிக்கும்போது அதிலிருந்து திறக்கும் கார்டு அடியின் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். அதில் ஆறு பூஜ்யம், ஐந்து கூட்டல் ஒன்று, ஐந்து கழித்தல் ஒன்று, கூட்டல் இரண்டும் கழித்தல் இரண்டும் ஒவ்வொன்று, இரட்டிப்பு ஒன்று, அடியே இல்லாமல் செய்வது ஒன்று. லெவல் ஏற ஏற மோசமானவற்றை எடுத்துவிட்டு நல்லதைச் சேர்க்கலாம். எனவே அது உங்கள் கையில் மாறிக்கொண்டே வரும் அதிர்ஷ்டம். 3 உயிர் உள்ள மான்ஸ்டரை 3 அடியால் கொல்வேன் என்று நம்பி மொத்தத் திட்டத்தையும் போடாதீர்கள், 4 வைத்துத் திட்டம் போடுங்கள்.

தோற்றுக்கொண்டே இருந்தால்?

தோற்றாலும் கிடைத்த அனுபவப் புள்ளியும் தங்கமும் உங்களிடமே இருக்கும். இரண்டு தடவை தோற்றால் கடினத்தை ஒரு படி குறையுங்கள். இயல்பாக, குழுவின் சராசரி லெவலைப் பாதியாக்கி மேல்நோக்கி முழுமையாக்கினால் வருவதுதான் சினாரியோவின் லெவல். அதில் ஒன்றைக் குறைப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

ஆங்கிலம் அதிகம் வராத நண்பர் ஆட முடியுமா?

தமிழில் இந்த ஆட்டம் கிடைக்கவில்லை. ஆனால் கார்டுகளில் வரும் சொற்கள் மிகக் குறைவு: அடி, நடை, தூரம், இலக்கு, கவசம், ஹீல், விஷம், மயக்கம். பெரும்பாலும் குறியோடு வரும். என் அப்பா இரண்டு மாலைகளில் பிடித்துவிட்டார். கதைப் பகுதியை மட்டும் யாராவது ஒருவர் தமிழில் சொல்லுங்கள், அதை நாங்கள் ரொம்ப விரும்பிச் செய்வோம்.

நேரம்?

எங்களுக்கு ஒரு சினாரியோ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி வித்தியாசம் என்பதால் ஒன்பதுக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடிப்போம். ஒரு ராத்திரிக்கு ஒன்று, ஜெயித்தாலும் தோற்றாலும்.

என் கதாபாத்திரம் ஓய்வு பெறப் போகிறதாம். இவ்வளவு வளர்த்ததை விட்டுவிட வேண்டுமா?

ஆமாம், விட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த லட்சியம் கொடுக்கப்பட்டிருக்கும். அது நிறைவேறியதும் அவர் கூலிப்படையை விட்டுப் போவார், அதற்குப் பதிலாகப் புது வகை வீரர் ஒருவர் திறப்பார். புதியவருக்குக் கூடுதலாக ஒரு சலுகையும் உண்டு. எட்டு மாதம் ப்ரூட் ஆடிய நண்பர் அந்த ராத்திரி, லட்சியம் முடிய ஒரே ஒரு கொலை பாக்கி இருக்கும்போது, "இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். நாங்கள் அந்த மான்ஸ்டரை அடிக்காமல் அவர் முறைக்காக விட்டுவைத்தோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு அடித்தார். திறந்த புது ஆள் யார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர்தான் எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தார்.